தோட்டில் இறங்காமல் போட்ட பைப்

போன மாதம் எங்கள் பழைய மராமத்து செக்‌ஷன் ஆபீசிலிருந்து ஒரு இளம் என்ஜினீயர் வீடு தேடி வந்தார். கையில் பழைய ஃபைல் ஒன்று. கட்டிய நூல் இற்றுப்போய், ஓரமெல்லாம் கறையான் அரித்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"சார், இத ஒண்ணு பாருங்க. பைப்ப எடுத்துட்டு பாலம் கெட்டினதுக்குக் காரணம் எழுதுத எடத்துல மீனுன்னு எழுதியிருக்கு. யாரோ வெளையாட்டுக்கு எழுதினதா சார்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெளையாட்டு ஒண்ணும் இல்ல. அது எனக்க கையெழுத்தாக்கும். அதுக்கு அடியில இருக்கது எனக்க மேலதிகாரிக்க கையெழுத்து" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். அந்தச் சின்னப் பாலத்தை இடித்துவிட்டு ரெண்டு பைப் போட்டால் வேலை சட்டென்று தீர்ந்துவிடுமாம். போடலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வராது. "சாயா குடியும், எழுதித் தாறேன்" என்று சொல்லி அனுப்பினேன். எழுதியது இதுதான்.

நான் ஓவர்சியர் படிப்பு முடித்து, திருவனந்தபுரத்தில் ஆறு மாதம் ஒரு கட்டட வேலையில் செங்கல் எண்ணி, பிறகு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலுள்ள ரோட்டுக்கு வந்தபோது வயது இருபத்து மூன்று. வீடு கொல்லயில் என்ற கிராமத்தில். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். சைக்கிளில் போனால் ரெண்டுக்கும் நடுவே கால் மணி நேரம். திருவிதாங்கூரின் இந்தத் தெற்குத் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மனசு எந்தப் பக்கம் என்று கேட்டால் மறைக்க மாட்டேன், தமிழ்ப் பக்கம்தான். ஆனால் சம்பளம் தந்த சர்க்காருக்கு ஒழுங்காக வேலை செய்தேன். செய்தேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மேலதிகாரி குறுப்பு சார். அசிஸ்டன்ட் என்ஜினீயர், வடக்கே இருந்து வந்த மலையாளி. மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியால் துடைப்பார், மாட்டுவார், அப்புறம் "காணட்டே" என்பார். பார்க்கிறேன் என்று அர்த்தம். அந்த "காணட்டே"யைக் கேட்டால் காண்டிராக்டர்கள் பில்லை இன்னொரு தரம் கூட்டிப் பார்ப்பார்கள். தரையின் ஏற்ற இறக்க அளவுகளை எழுதும் லெவல் புத்தகத்தில் ரப்பர் வைத்து அழித்தால் தொலைந்தோம். தப்பு எழுதினால் ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். "தப்பு இரிக்கட்டே, அது காணணும்" என்பார். தப்பு இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த வருஷம் ரோட்டை உயர்த்தும் வேலை வந்தது. கொல்லயில் பக்கம் ஒரு தோடு ரோட்டைக் கடக்கிறது. தோடு என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன ஓடை. ரோட்டுக்கு மேற்புறம் ஒரு வயல்வெளி, கீழ்ப்புறம் ஒரு வயல்வெளி. ரெண்டையும் கடந்து தோடு நெய்யாற்றில் போய்ச் சேரும். ரோட்டுக்கு அடியில் ராஜா காலத்துக் கல்கலுங்கு இருந்தது. ரெண்டு பக்கம் கல்சுவர், மேலே நீளமான கற்பலகைகள், அடியில் வெறும் தோட்டு மண். பலகை ஒன்று விரிசல் விட்டிருந்ததால் அதை எடுத்துவிட்டு சிமென்ட் பைப் போட உத்தரவாயிற்று. அந்த நீளத்தில் இதுபோல மூன்று இடம்.

லெவல் எடுத்தது கும்ப மாதம், அதாவது மாசி, நல்ல வெயில். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்கள் ஊரில் அதற்கு முந்தின மகரத்தில், தை மாதத்தில், கீழ் வயல்காரர்கள் ரோட்டுக்குச் சற்றுக் கீழே தோட்டின் குறுக்கே மண்ணும் தென்னை ஓலையும் போட்டு ஒரு தடுப்பு கட்டுவார்கள். தண்ணீர் தேங்கி வயலுக்குத் திரும்பும். தடுப்புக்குப் பின்னால் வண்டல் படிந்து படிந்து தோடே மேடாகிவிடும். இடவ மாதம், வைகாசியில், மழைக்கு முன்னால் தடுப்பை வெட்டி விடுவார்கள். முதல் வெள்ளத்திலேயே வண்டல் முழுக்க அடித்துப் போய்விடும், தோடு பழைய ஆழத்துக்கு இறங்கிவிடும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சகதியில் இறங்க அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. காலில் புதுச் செருப்பு. ரோட்டு ஓரத்தில் கருவியை நிறுத்திக்கொண்டு, அளவுக்கம்பு பிடிப்பவரை மட்டும் இறங்கச் சொன்னேன். அவர் வண்டல் மேல் கம்பை ஊன்றினார், நான் வாசித்தேன், எழுதினேன். கடப்பாரையால் ஒரே குத்து குத்திப் பார்த்திருந்தால் அடியில் உறுதியான மண் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

குறுப்பு சார் லெவல் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோட்டில் இறங்ஙியோ?" என்றார்.

"இறங்ஙி, சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். மழைக்கு முன்னால் பைப் போட்டு, ரெண்டு முனையிலும் முகச்சுவர் கட்டி, ரோடு போட்டு முடித்தோம். அழகான வேலை என்று நானே மெச்சிக்கொண்டேன். பைப்பின் மேல் நின்று ஒரு போட்டோ எடுக்கவில்லையே என்றுகூட அன்றைக்கு வருத்தப்பட்டேன், போங்கள்.

இடவப்பாதி மழை வந்தது. தடுப்பை வெட்டினார்கள். வண்டல் போயிற்று. பைப்பின் கீழ்வாய் தோட்டிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் அருவி மாதிரி விழுந்தது.

புதுமழை வெள்ளத்தில் ஆற்று மீன் எதிர்த்து ஏறி, தோடு வழியாக வயலுக்கு வந்து முட்டையிடும். வரால், கெளுத்தி, கெண்டை எல்லாம் ஏறும். மிதுனம், கர்க்கடகத்தில், அதாவது ஆனி, ஆடியில், கூலி வேலை கிடையாது. மேல் வயல் வீடுகளில் மரச்சீனிக்கிழங்கோடு, மரவள்ளிதான், தொட்டுக்கொள்ள அந்த மீன்தான். அந்த வருஷம் ஒரு மீன்கூட ரோட்டைத் தாண்டவில்லை. பைப்புக்குக் கீழே துள்ளித் துள்ளி விழுந்தது. கீழ் வயல்காரர்கள் கூடையால் அள்ளினார்கள்.

ரெண்டு வாரம் கழித்து, நல்ல மழையில், ஒரு பெண் மீன் பிடிக்கத் தோட்டில் வைக்கும் கூட்டை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்குள் வந்து என் மேஜையில் வைத்தாள். ரோசம்மா. மேல் வயலில் பயிர் செய்யும் தங்கையனின் மனைவி. கூட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் என் பில் புத்தகத்தை நனைத்தது.

"நீங்கதான பைப்பு போட்டிய ஓவர்சியரே? எங்க மீனு எங்க?"

"மீனா? எனக்கெப்பிடித் தெரியும்?"

"தண்ணி விழுத எடத்துல வந்து பாருங்க. வராலு சாடிச் சாடிச் சாவுது. கர்க்கடகத்துல மரச்சீனிக்குக் கூட்டா நான் என்னத்த வைப்பேன்? ஒங்க பைப்ப அவிச்சு வைக்கவா?"

ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. "மீனுக்கு ரோடு போடதுக்கா சர்க்கார் என்ன வச்சிருக்கு? பேசாம போங்க" என்றேன்.

அவள் கூட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாங்க புதுசா ஒண்ணும் கேக்கல்ல. இருந்ததத்தான் கேட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. குறுப்பு சாரிடம் சொன்னால் இறங்கினேன் என்ற பொய்யும் கூடவே வெளியே வரும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ்ஸில் கல் விழுந்தது. எங்கு பார்த்தாலும் போலீஸ் வேன். தமிழில் சத்தமாகப் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போதுதான் இடவப்பாதி மறுபடியும் வந்தது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் விடிந்ததும் ஆள் ஓடி வந்தான். பைப்பின் கீழ் முகச்சுவர் விழுந்து, ரோட்டில் பாதி உட்கார்ந்து, ஒரு போலீஸ் வேனின் முன்சக்கரம் அதில் இறங்கி நிற்கிறது என்று.

நான் போனபோது தங்கையனைக் கையைக் கட்டி ரோட்டு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மண்வெட்டியும் மீன்கூடும். வேன் வந்து மாட்டியபோது அவர் தோட்டுக்குள் நின்று விழுந்த கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். ஏற்கெனவே ஓர் ஊர்வலத்தில் அவர் கொடி பிடித்ததை எல்லாரும் கண்டிருந்தார்கள். போதாதா? போலீசை மறிக்க ரோட்டை வெட்டிப் போட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"ஓவர்சியரே, நான் வெட்டல்ல. சுவரு விழுந்து கெடந்து. மீனு ஏறட்டும்னு கல்ல மாத்தினேன், அவ்வளவுதான்" என்றார். அதற்குள் ஒரு போலீஸ்காரர் அவரை எழுப்பிக் கொண்டுபோய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். உறுதியாக இருந்த கலுங்கை வேண்டுமென்றே உடைத்திருக்கிறார்கள் என்று இலாகாவிலிருந்து ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும் என்றார். அது கிடைத்தால் தங்கையனுக்குப் பல வருஷம் ஜெயில். நான் தயங்கியதைப் பார்த்து, "ஓவர்சீயர் தமிழனல்லே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எழுதாவிட்டால் போராட்டக்காரனுக்கு உடந்தை என்று என்னையும் சேர்ப்பார்கள். எழுதினால் என் தப்பு நிரந்தரமாகப் புதைந்துவிடும். யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"அசிஸ்டன்ட் என்ஜினீயர் பாக்காம எழுத முடியாது" என்று சொல்லித் தப்பித்தேன். மூன்று நாள் கழித்துத்தான் குறுப்பு சாரால் வர முடிந்தது. வழியெல்லாம் மரம் கிடந்தது.

வந்தவர் நேரே தோட்டுக் கரைக்குப் போனார். குடையை மடக்கி வேலியில் மாட்டினார். செருப்பைக் கழற்றி வைத்தார். வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். இன்ஸ்பெக்டர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். நானும் இறங்கினேன்.

முதலில் விழுந்த சுவரைத் தடவிப் பார்த்தார். கடப்பாரை போட்டு உடைத்தால் கல் கல்லாகப் பிரியும், சாந்தில் குத்திய தடம் இருக்கும். இந்தச் சுவர் பிரியவே இல்லை. முழுசாக முன்பக்கம் குப்புற விழுந்து கிடந்தது. பிறகு சுவர் நின்ற இடத்துக்குக் கீழே கையை விட்டார். தோள் வரைக்கும் போயிற்று. அடியில் மண்ணே இல்லை. மேலிருந்து விழுந்த தண்ணீர் ஒரு வருஷமாகத் தோண்டித் தோண்டி அஸ்திவாரத்துக்கு அடியில் குழி பறித்திருந்தது. அப்புறம் கடப்பாரை கேட்டு வாங்கினார். தோடு நெடுக, மேலே கொஞ்ச தூரம், கீழே கொஞ்ச தூரம், குத்திக் குத்தி உறுதியான மண் எங்கே என்று பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் என்னை லெவல் எடுக்கச் சொன்னார். எடுத்த எண்களைப் பழைய லெவல் புத்தகத்தோடு சேர்த்து வைத்தார். தோட்டின் அடி என்று நான் எழுதியிருந்தது எல்லா இடத்திலும் முழங்கால் உயரம் கூடுதலாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேட்டியில் காய்ந்த நுனி இல்லை. ஈரத்தோடே மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அன்னு தோட்டில் இறங்ஙியோ?"

கரையில் இன்ஸ்பெக்டர். ரோட்டில் கூட்டம். கூட்டத்தின் முன்னால் ரோசம்மா, முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள்.

"இல்ல, சார். எறங்கல்ல. பொய் சொன்னேன்" என்றேன். மலையாளத்தில் கேட்டதற்குத் தமிழில்தான் வந்தது. பயத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். "எழுதிக்கோ" என்றார். பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்தேன். வண்டல் மேல் கம்பு வைத்து லெவல் எடுத்தேன், தோட்டில் இறங்கவில்லை, பைப் உயரமாகப் போனது என் தப்பு, சுவர் அதனால்தான் விழுந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் புத்தகத்தை வாங்கினார். என் கையெழுத்துக்குக் கீழே, நானும் இறங்கிப் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன் என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார்.

"சார், நீங்க எதுக்கு..." என்றேன்.

"ஞானும் இறங்ஙியில்லல்லோ" என்றார். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, இந்தக் கலுங்கை யாரும் உடைக்கவில்லை, எங்கள் இலாகா தப்பாகக் கட்டியது, எழுத்தில் தருகிறேன் என்று நிதானமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. மறுநாள் தங்கையனை விட்டார்கள்.

நாலு நாள் ஸ்டேஷனில் இருந்திருக்கிறார். நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ரோசம்மா வழி விடாமல் நின்றாள். உள்ளேயிருந்து தங்கையன்தான் வரச் சொன்னார். முகத்தில் வீக்கம் வடியவில்லை. நான் இடது பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை வலது பக்கம் மாறி உட்காரச் சொன்னார். இடது காதில் அடித்திருக்கிறார்கள். கேட்கவில்லை.

நான் என்னென்னவோ சொன்னேன். போன வருஷமே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அழுதுவிட்டேன்.

"கரையாதிய" என்று என் அழுகையை நிறுத்தச் சொன்னார். "கூட்டத்துக்கு நடுவுல சொன்னிய, அது எல்லாரும் செய்யுத காரியம் இல்ல. எனக்க காது இனி வராது. மீனாவது வரணும், கேட்டியளா."

பாலம் வேண்டும் என்ற எஸ்டிமேட்டைக் குறுப்பு சாரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அரிப்பு, வெள்ளம் என்று காரணம் காட்டினால் போதுமே, சுலபமாகப் பாஸ் ஆகுமே என்றேன். "அப்போ அடுத்த ஆள் பின்னெயும் பைப் இடும்" என்றார். அதனால் உள்ளதை உள்ளபடி எழுத வைத்தார்: இது புதுமழையில் மீன் வயலுக்கு ஏறும் வழி, இங்கே பைப் கூடாது, தோட்டின் அடிமண்ணைத் தொடாமல் மேலே பாலம் கட்ட வேண்டும். மேலாபீசிலிருந்து நக்கலாக ஒரு கேள்வி வந்தது. மீனை எந்த வகைப் போக்குவரத்தில் சேர்ப்பது என்று. ரோடு வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த போக்குவரத்து என்று ஒரு வரியில் பதில் அனுப்பினார். யாருக்கு என்ன தோன்றியதோ, பாஸ் ஆகிவிட்டது. எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. அவருக்கு வடக்கே ஒரு மலை ரோட்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது பெட்டியைத் தூக்கி வைத்தேன். "நோக்கிச் செய்யணும்" என்றார். பார்த்துச் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

அந்தப் பாலத்தை நான் கட்டினேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது, நன்றாகவே கட்டினேன். தினமும் தோட்டில் நின்றேன். உறுதியான மண்ணுக்கும் கீழே மூன்றடி இறக்கி அஸ்திவாரம் போட்டேன். ரெண்டு பக்கக் கல்சுவருக்கு நடுவே தோட்டு மண்ணில் ஒரு கூடை சிமென்ட் விழ விடவில்லை. மற்ற ரெண்டு இடத்திலும் பைப்பைப் பிடுங்கி அதே மாதிரி கட்டினேன். அதற்குப் பிறகு முப்பது வருஷ வேலையில் நான் போட்ட எதுவும் உட்கார்ந்ததில்லை. மாநில எல்லை பிரிந்து எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது, ஆபீஸ் போர்டு மாறியது, அந்த மூன்று பாலத்துக்கும் ஒரு கீறல் இல்லை.

பாலம் முடிந்து வந்த இடவத்தில், மழை பிடித்த ரெண்டாம் நாள் காலையில் ரோசம்மாவின் குரல் வீட்டு வாசலில் கேட்டது. "ஓவர்சியரே, வாறியளா? ஏறுதாக்கும்!" குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். தங்கையன் பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். கலங்கல் தண்ணீரில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காலில் வழவழவென்று ஏதோ உரசிக்கொண்டு போயிற்று. ஒன்று, இன்னொன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. பாலத்துக்கு மேற்புறம் வயல் மடையில் சளசளவென்று சத்தம். தங்கையன் வலது காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் பேச வாயெடுத்தேன். கையால் சும்மா இருக்கச் சொன்னார்.

ரோசம்மா சேம்பிலையில் ரெண்டு வரால் பொதிந்து தந்தாள். "ஒண்ணு ஒங்களுக்கு. ஒண்ணு அந்தக் கண்ணாடிக்கார சாருக்கு." அவர் எங்கேயோ மலையில் இருக்கிறார், அதுவரைக்கும் மீன் தாங்காது என்றேன். "அப்பம் அவருக்குள்ளதையும் நீங்க தின்னுங்க. சேதிய மட்டும் எழுதிப் போடுங்க" என்றாள்.

அன்றே குறுப்பு சாருக்குக் கடிதம் எழுதினேன். பாலம் முடிந்தது, மழை வந்தது, மீன் ஏறியது என்று எழுதினேன். ரெண்டு வாரம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. விசாரிப்பு இல்லை, பாராட்டு இல்லை. நடுவில் ஒரே வரி. நீ கண்டாயா, இல்லை யாராவது சொன்னார்களா?

மறு தபாலிலேயே பதில் போட்டேன். "கண்டேன் சார். தோட்டில் இறங்கி நின்று கண்டேன்."